துணி வாங்கிய பிறகு

நூமேயா
4 மே 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

தெக்லா எழுதுகிறேன். இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடுகிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணி போனபிறகு தனியாகச் சமைத்துத் தின்கிறாயே, தின்கிறாயா இல்லையா?

நம் பையன் லெயோன்ஸை உன்னிடம் அனுப்புகிறேன். வியாழக்கிழமைப் படகில் உன் தீவுக்கு வருவான். நிக்கல் ஆலையில் வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது. வாசலில் டயர் கொளுத்தியவர்களைத் தவிர எல்லோரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இவன் கொளுத்தினான். இருபத்து மூன்று வயது ஆண்பிள்ளை, பகல் முழுக்கக் குடியிருப்பின் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறான். போலீஸ் வண்டி அவனைப் பார்த்ததும் மெதுவாகப் போகிறது. இவன் எழுந்து சலாம் வைக்கிறான். ஒருநாள் அந்த வண்டி நிற்கும்.

அவனை மாரே தீவுக்கு, தன் ஆட்களிடம் அனுப்பவே அவன் அப்பா சாமுவேலுக்கு ஆசை. நான்தான் மறுத்தேன். பிறந்த அன்று அவன் காதில் ஊதி மூச்சைக் கொடுத்த தாய்மாமன் நீ. அவன் உடம்பில் ஒரு கீறல் விழுந்தாலும், உன் ரத்தத்தைக் காக்கத் தவறினோம் என்று சாமுவேலின் ஆட்கள் உன் முன்னால் துணி வைத்துத் தலைகுனிய வேண்டும். அப்படிப்பட்ட உன்னைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியவில்லை.

வாய் நீளம். வேலை கொடுத்தால் செய்வான். பல் வலிக்குக் கொடுத்தனுப்பிய மாத்திரையைச் சாப்பிடச் சொல்.

உன் தங்கை,
தெக்லா


கூனியே
21 மே 1997

அன்புள்ள தங்கை தெக்லாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் முழங்கால் என் பேச்சைக் கேட்கிறது. சாமுவேலுக்கு என் வணக்கம். உன் இருமல் நின்றதா? நீ வேலை பார்க்கும் அந்த ஓட்டலில் கழுவுகிற மருந்துதான் உன் நெஞ்சைப் பிடிக்கிறது.

பையன் வந்து சேர்ந்தான். மூன்று பேர் தின்னும் சேப்பங்கிழங்கைத் தனியாகத் தின்கிறான். மாத்திரையைத் தின்னவில்லை. குறட்டை சத்தத்தில் என் நாய் வெளியே போய்ப் படுக்கிறது.

வேலைக்குக் குறைவில்லை. தெற்குத் திட்டில் இருக்கும் பெரிய மரப்பல்லியைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் கப்பலேறி வருகிறார்கள். நாம் சின்ன வயதில் பெயரைச் சொல்லவே பயந்த அதே பிராணிதான். முழங்கை நீளம் இருக்கும், பொந்துக்குள்ளிருந்து உறுமும், ஒட்டினால் சதையோடுதான் வரும் என்பார்களே. அதைப் பார்த்து இவர்கள் அழுகிறார்கள் தெக்லா, ஆனந்தக் கண்ணீர். முறைப்படி எனக்குத் துணியும் புகையிலையும் வைத்து, நாலு வார்த்தை பேசி, நிலத்துக்குள் வர அனுமதி கேட்கிறார்கள். நான் துணியை வாங்குகிறேன். பிறகு அவர்கள் நம் வாக்குக்குள் வந்துவிடுகிறார்கள். சோறு, படகு, பாதுகாப்பு எல்லாம் நம் பொறுப்பு.

லெயோன்ஸுக்கு நல்ல கண். இலைக்கும் பல்லிக்கும் வித்தியாசம் கீழே நின்றே சொல்லிவிடுகிறான். பொந்துக்குள் கைவிடவும் பயமில்லை. நகரத்தில் வளர்ந்ததால் பயம் கற்றுக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

கவலைப்படாதே.

அண்ணன்,
அனிசே


கூனியே
15 ஜூன் 1997

அம்மாவுக்கு,

நான் கொழுத்துவிட்டேன். அப்பாவிடம் சொல், மாரேக்காரர்கள் மட்டும்தான் ஆம்பளைங்க என்று இனிமேல் பேச முடியாது.

மாமா வீட்டில் வேலை இப்படி: காலையில் துடுப்புப் படகில் திட்டுக்குப் போகிறோம். வழியில் கடற்கரைப் பாறையில் வரிப்பாம்புகள் கயிறு மாதிரி சுருண்டு தூங்குகின்றன. வெளிநாட்டுக்காரர்கள் அதற்கே மண்டியிட்டுவிடுகிறார்கள். போன வாரம் ஒரு அம்மா ஒரு சின்ன அரணையைக் காட்டி, "இது உலகத்திலேயே இங்க மட்டும்தான் இருக்கு, தெரியுமா?" என்றாள். "நானும்தான்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஆலையில் பதினெட்டு மாதம் வேலை பார்த்தேன், ஒருத்தன் என்னைக் கேமராவில் பிடித்தது கிடையாது. போலீஸைத் தவிர.

பெரிய பல்லி பகலில் ஆலமரப் பொந்துக்குள் தூங்கும். யாராவது ஏறி, எங்கே என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அது நான்தான். கையில் ஒருமுறை கடித்துவிட்டது. மாமா பிடியை விடுவிப்பதற்குள் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் தீர்ந்துவிட்டது. மாமா பாதிரியார் மாதிரி நின்று கேட்டார்.

ஒரு விஷயம் பிடிக்கவில்லை. வெர்னர் என்று ஒருவன், அவனோடு ஒரு மொட்டைத் தலைக்காரன். ஒருமுறை வந்துபோனார்கள், ஜூலையில் நிறைய நாள் தங்க மறுபடி வருகிறார்கள். மற்றவர்கள் மாதிரி இவர்கள் படம் எடுப்பதில்லை. மரங்களை எண்ணுகிறார்கள். மாமாவிடம் சொன்னேன், பையைத் திறந்து பார்க்கலாம் என்று. மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"துணிய வாங்கியாச்சு. அதுக்கப்புறம் விருந்தாளி பைய மோந்து பாக்கிறது நாய் செய்யிற வேலைடா. நீ நாயா?"

"கொஞ்சம் பசிச்சா நாய்தான் மாமா" என்றேன். சிரித்துவிட்டார். ஆனால் பையைத் திறக்க விடவில்லை.

உன் இருமலுக்குத் தேன் வாங்கி வைத்திருக்கிறேன். பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு ஆகஸ்டில் மாரேக்கு வருவேன். கிழங்கு மூட்டை தூக்க ஆள் வேண்டுமே அப்பாவுக்கு.

லெயோன்ஸ்


நூமேயா
20 ஜூலை 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் இருவரும் நலம்தானே? எனக்கு இருமல் பரவாயில்லை. சாமுவேலுக்குத் துறைமுகத்தில் இரட்டை வேலை, வந்ததும் விழுந்து தூங்குகிறார்.

லெயோன்ஸுக்கு இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. அவன் எழுதச் சோம்பேறிதான், ஆனாலும் கிண்டல் பண்ணவாவது எழுதுவான். கல்யாணத்துக்கு என்றைக்குப் புறப்படுகிறான் என்று சாமுவேலின் ஆட்கள் கேட்கிறார்கள். துணி, பாய், கிழங்கு எல்லாம் யார் தூக்குவது என்று கணக்குப் போட்டாகிவிட்டது. அவன் பெயரும் அதில் இருக்கிறது.

பிடிவாதம் பிடித்தால் இரண்டு அடி போடு. உனக்கு உரிமை உண்டு.

தெக்லா


கூனியே
1 ஆகஸ்ட் 1997

அன்புள்ள தங்கைக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உன் குடும்பத்துக்கு ஆண்டவர் ஆசி உண்டாகட்டும்.

இங்கே காற்று தெற்கிலிருந்து விடாமல் அடிக்கிறது. கோயில் கூரையில் இரண்டு தகடு பறந்துவிட்டது, நாங்கள் ஆறு பேர் சேர்ந்து திரும்ப ஏற்றினோம். திமிங்கிலங்கள் இந்த வருஷம் சீக்கிரம் வந்துவிட்டன. வள்ளிக்கிழங்குக்கு மண் கிளற ஆரம்பித்துவிட்டோம். உனக்குப் பிடித்த நீல நண்டு நிறையக் கிடைக்கிறது.

லெயோன்ஸ் கொஞ்சம் வழுக்கி விழுந்துவிட்டான். முதுகில் வலி. இலை வைத்துக் கட்டத் தெரிந்தவர் வந்து பார்க்கிறார். கஞ்சி குடிக்கிறான். படுத்துக்கொண்டே இருப்பதால் பேனா பிடித்து எழுத முடியவில்லை. பயப்பட ஒன்றுமில்லை. நீ புறப்பட்டு வராதே, கடல் சரியில்லை, உனக்கு லீவும் கிடைக்காது. சாமுவேலின் ஆட்களிடம் கல்யாணத்துக்கு வர முடியாது என்று மட்டும் சொல். விழுந்ததைச் சொல்ல வேண்டாம். வீணாகத் துணியும் கையுமாகக் கிளம்பி வருவார்கள், கல்யாண வீட்டுக்கு அது நல்லதில்லை.

உன் கடிதங்களை அவனுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தான்.

அனிசே


நூமேயா
7 ஆகஸ்ட் 1997

அண்ணனுக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன். விமானத்தில் வரும் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

லெயோன்ஸின் முதுகு எப்படி? உண்மையைச் சொல், நடக்கிறானா?

நேற்று ஓட்டலில் நான் சுத்தம் செய்யும் மாடியில் இரண்டு வெள்ளைக்காரர்கள் அறை எடுத்தார்கள். ஒருவன் மொட்டை. கதவில் "தொந்தரவு செய்யாதீர்" அட்டை தொங்கியது. இன்று மத்தியானம் அவர்கள் வெளியே போனதும், துண்டு மாற்ற உள்ளே போனேன். அலமாரிக்குள் ஏதோ அசைந்தது. திறந்தேன். வரிசையாகத் துணிப் பைகள், ஒவ்வொன்றும் மூச்சு விட்டது. ஒன்று உறுமியது அண்ணா. நாம் சின்ன வயதில் கேட்ட அதே உறுமல்.

அதில் ஒன்று பை இல்லை. லெயோன்ஸின் சிவப்புப் பந்தாட்டச் சட்டை. கைகளை முடிந்து, கழுத்தைக் கயிறால் கட்டியிருந்தார்கள். அக்குளில் நான் போட்ட நீலத் தையலுக்குள்ளிருந்து ஒரு பல்லி விரல் எட்டிப்பார்த்தது.

ஆகவே அவன்தான் பிடித்துக் கொடுத்திருக்கிறான். காசுக்காகச் செய்தானா? உனக்குத் தெரியுமா? இதற்கு ஜெயில் என்று ஓட்டலில் எழுதியே ஒட்டியிருக்கிறார்கள். அவன் முகம் ஏற்கெனவே போலீஸுக்குப் பாடம். இதில் மாட்டினால் அவன் கதை முடிந்தது.

அலமாரியை மூடினேன். மேற்பார்வைக்காரி மாடிப்படியில் பிடித்துக்கொண்டாள்.

"தெக்லா, அந்த ரூம்ல ஏதோ நாத்தம் அடிக்குதுன்னு கம்ப்ளெயின்ட் வந்திருக்கே?"

"ஈரத் துண்டுங்க மேடம். மாத்திட்டேன்."

நாளை ராத்திரி அவர்கள் விமானம் ஏறுகிறார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவனுக்காகத்தான் திறக்கவில்லை. எழுந்து உட்கார முடிந்ததும் அவனைக் கன்னத்தில் அறைந்து, அது என் அறை என்று சொல்.

தெக்லா


நூமேயா, ஆஸ்பத்திரி
12 ஆகஸ்ட் 1997

அண்ணா,

சனிக்கிழமை விமானத்தில் நீ ஏற்றி அனுப்பிய ஸ்ட்ரெச்சர் வந்து சேர்ந்தது. கூட யாரும் இல்லை. அவர்கள் வெள்ளிக்கிழமை பறந்தார்கள், இவன் சனிக்கிழமை வந்தான்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. விழுந்த அன்றே முதுகெலும்பு உடைந்திருக்கிறது. படுத்த இடத்தில் முதுகு முழுக்க அழுகிவிட்டது, என் கை நுழையும் அளவுக்குக் குழி. சிறுநீர் அடைத்து ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது. ஏன் இவ்வளவு நாள் கழித்துக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் என்னைக் கேட்டார். உங்கள் ஆட்கள் எப்போதும் இப்படித்தான், இலைதழையைக் கட்டிக்கொண்டு கிடப்பீர்கள் என்றார். அந்த ஆளுக்குப் பதில் சொல்ல வாய் வந்தது. நடந்ததைத் தெரிந்துகொள்ள இவனைத்தான் கேட்டேன்.

அவனேதான் சொன்னான், சாமுவேல் வேலைக்குப் போன நேரத்தில். உன் விருந்தாளிகள் கேட்டார்கள் என்றுதான் பிடித்துக் கொடுத்தானாம், காசுக்காக இல்லையாம். பைகள் தீர்ந்துபோனதால் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறினானாம். கிளை முறிந்தது.

"பல்லிக்கு ஒண்ணும் ஆகலம்மா. சட்டைக்குள்ள பத்திரமா இருந்துச்சு."

பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மொட்டத் தலைக்காரன் அழுதான்மா. டாக்டரக் கூப்பிடலாம், நான் போய் சொல்றேன்னான். மாமாதான் கையப் பிடிச்சு நிறுத்தினாரு. டாக்டர் வந்தா எங்க விழுந்தான்னு கேப்பாங்க, போலீஸ் திட்டுக்கு வரும். உங்க துணிய நான் வாங்கியிருக்கேன், என் நிலத்துல உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னாரு. அவன் நம்பவே இல்ல. மறுபடி மறுபடி கேட்டான். அப்புறம் சரின்னுட்டான்."

மறுநாளும் திட்டுக்குப் போனார்களாம். நீதான் படகு ஓட்டினாயாம்.

"மாமாவத் திட்டாதம்மா. நானும்தான் சரின்னேன்" என்கிறான். அப்பாவிடம், விருந்துக்கு வௌவால் பிடிக்கப் போய் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறான்.

பைகளை நீ பார்த்தாய். கடைசிவரை திறக்காமலே பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் அலமாரியை மூடினேன். அவன் உன் வீட்டில் அழுகிக்கொண்டிருந்தபோது, நான் இங்கே அந்த இரண்டு பேருக்கும் சுத்தமான துண்டு மடித்து வைத்தேன்.

வா.

தெக்லா


கூனியே
19 ஆகஸ்ட் 1997

அன்புள்ள தங்கைக்கு,

ஆண்டவர் உனக்குத் தெம்பு கொடுக்கட்டும். இங்கே தினமும் பூசையில் அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறோம்.

முழங்கால் வீங்கியிருப்பதால் வர முடியவில்லை. சேப்பங்கிழங்கும், அவன் உனக்காக வாங்கிவைத்த தேனும் படகில் அனுப்பியிருக்கிறேன்.

துணியை வாங்கிய பிறகு விருந்தாளியை விட்டுக்கொடுப்பவன் நம் குலத்தில் இல்லை. இது உனக்குத் தெரியாதது அல்ல. பையனுக்கும் நல்லதையே நினைத்தேன். திட்டுக்குப் போலீஸ் வந்திருந்தால் முதலில் யாரைப் பிடித்திருக்கும்? அவர்களையா? இலை கட்டினால் சரியாகிவிடும் என்று நம்பினேன். முதல் வாரம் பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

டாக்டரிடம் எந்த இடத்தில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறான்? எழுது.

அனிசே


நூமேயா
30 ஆகஸ்ட் 1997

மரியாதைக்குரிய மச்சான் அனிசே அவர்களுக்கு,

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் வீட்டாருக்கு என் வணக்கம்.

நம் மகன் லெயோன்ஸ் நேற்றுக் காலை ஆண்டவரிடம் போய்விட்டான். கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லை. தெக்லா பக்கத்தில் இருந்தாள்.

மாரேயில் அடக்கம் செய்கிறோம். அதன் பிறகு நானும் என் அண்ணன்மாரும் பெரியவர்களும் கூனியேவுக்கு வருகிறோம். நீங்கள் கொடுத்த ரத்தத்தையும் மூச்சையும் எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அதற்காக உங்கள் முன்னால் பாயும் கிழங்கும் துணியும் வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆலையில் வேலை போனபோதே நான் அவனை என்னோடு துறைமுகத்தில் சேர்த்திருந்தால் அவன் வௌவால் பிடிக்கப் போயிருக்க மாட்டான். குற்றம் என்னுடையது.

உங்கள் வாசலுக்கு வர எங்களுக்கு அனுமதி கொடுங்கள்.

தலைகுனிந்து,
சாமுவேல்


கூனியே
21 செப்டம்பர் 1997

அன்புள்ள தங்கை தெக்லாவுக்கு,

நலமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். கடல் அன்று அமைதியாக இருந்தது.

மாரேக்காரர்கள் எல்லாவற்றையும் முறையாகச் செய்தார்கள். சாமுவேலின் அண்ணன் பேசிய பேச்சைப் பற்றி இன்னும் ஊரில் பேசுகிறார்கள். இவ்வளவு உயரத்துக்குக் கிழங்கு அடுக்கி நம் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை. நானும் குறை வைக்கவில்லை, அவர்கள் திரும்பிப் போகும்போது கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன். இனி இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் பாதை சுத்தமாக இருக்கிறது.

நீ என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் படகேறினாய். துக்கம் அப்படித்தான். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கிழங்கை ஊருக்குப் பங்கிட்டுவிட்டேன். துணிகளை அவன் படுத்திருந்த அறையில் வைத்திருக்கிறேன். நான் இப்போது வெளியே, சமையல் குடிசையில் தூங்குகிறேன். தூக்கம் சரியாக வருவதில்லை.

பதில் எழுது.

அண்ணன்,
அனிசே


நூமேயா
2 அக்டோபர் 1997

அனிசே அண்ணனுக்கு,

சாமுவேலும் நானும் உயிரோடு இருக்கிறோம்.

அன்று பெண்களோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமுவேலின் அண்ணனுக்கு எழுபது வயது. வாழ்நாளில் யாருக்கும் குனியாத ஆள். மண்ணைப் பார்த்தபடி சொன்னார்: "உங்க ரத்தத்த எங்ககிட்ட குடுத்தீங்க. நாங்க சிந்திட்டோம். எங்கள மன்னிக்கணும்." சாமுவேலின் தோள் குலுங்கியது. நீ இப்போது சொல்லுவாய், இப்போது சொல்லுவாய் என்று காத்திருந்தேன். நீ குனிந்து துணியைத் தொட்டாய். எடுத்தாய். மன்னித்தேன் என்றாய்.

நான் எழுந்து கத்தியிருக்கலாம். கத்தியிருந்தால் அங்கேயே உன்னை வெட்டியிருப்பார்கள். அதனால்தான் பேசாமல் படகேறினேன், துக்கத்தினால் அல்ல.

திங்கட்கிழமை போலீஸுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் அலமாரியை மூடியதையும் சேர்த்து. இளம் வயது அதிகாரி, நல்ல மரியாதை, காபி கொடுத்தார். பல்லிகள் எத்தனை என்றார். தெரியாது என்றேன். சுமாராக எத்தனை, என்ன நிறம், குட்டிகள் உண்டா என்று மறுபடியும் கேட்டார். படம் வரைந்த புத்தகத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். என் மகனைப் பற்றிச் சொன்னபோது பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"அது ஒரு விபத்துங்கம்மா. ரொம்ப வருத்தமாத்தான் இருக்கு. ஆனா மரத்துல ஏறினவன் விழுந்ததுக்கு நாங்க யார்மேல கேஸ் போடறது?"

ஆகவே உன் வீட்டுக்குப் பல்லியைப் பற்றிக் கேட்க ஆள் வரும். லெயோன்ஸைப் பற்றிக் கேட்க அரசாங்கத்தில் யாரும் வரப்போவதில்லை. அவன் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இந்த ஞாயிறு மட்டும் சாமுவேல் துறைமுகத்தில் இருக்கிறார். அடுத்த ஞாயிறு கோயில் முடிந்ததும் அவரிடம் சொல்லப்போகிறேன். அவர் அன்றே மாரேக்குச் சொல்லி அனுப்புவார். அதற்கு முன்னால் உனக்கு ஒரு வாரம் இருக்கிறது. அந்தத் துணிகளை எடுத்துக்கொண்டு மாரேக்குப் போ. அவர்கள் முன்னால் உட்கார். அவர்கள் உனக்குச் சொன்ன வார்த்தைகளையே அவர்களுக்குச் சொல்.

தாய்மாமன் தகப்பன் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்க நம் வழக்கத்தில் வழி கிடையாது என்று எழுதாதே. உடைந்த முதுகோடு ஒருவனை அறைக்குள் பூட்டிவைக்கவும் நம் வழக்கத்தில் வழி கிடையாது. அந்த வழியை நீயாகத்தான் வெட்டினாய். இதையும் வெட்டு.

போவதும் போகாததும் உன் இஷ்டம். நான் சொல்வதை நிறுத்த மாட்டேன்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அடுத்த ஞாயிற்றுக்குப் பிறகு கேட்கிறேன்.

தெக்லா